நிலவாரையில் கலந்த கொழிஞ்சி

ஜனவரி 27, திங்கள்

உரக்கடைக்காரன் இந்த வருஷம் குடுத்த டைரி லட்சணம் இருக்கே, கோடு போட்டிருக்கானா இல்லையான்னே தெரியல. போன வருஷ டைரியில கோடு பளிச்சுனு இருந்துச்சு. ஓசியில குடுக்கதுதானன்னு மையிலயும் கஞ்சத்தனம். அதனால எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடுதேன். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வருது.

இன்னைக்கு முதல் பறிப்பு. ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை, தேரி முழுக்கப் பச்சை. மெட்ராஸ்ல இருந்து வாரவங்க இந்தச் செம்மணல் மேட்டுல நின்னு போட்டோ எடுத்துட்டு "பாலைவனம், பாலைவனம்"ங்காங்க. பாலைவனமாம்! இவங்க செருப்புக்கு அடியில நெருஞ்சி கெடக்கு. கல்லடைப்பு வந்து துடிக்கும்போதுல்லா அதோட அருமை தெரியும். ஆவாரம்பூ சக்கரை நோய்க்காரனுக்கு, அதோட பட்டை தோல் பதம் போடுதவனுக்கு. எருக்கலைய வாட்டி முட்டியில கட்டுனா வீக்கம் வடியும். உடைமரத்துக் காய் ஆட்டுக்கு, முள்ளு வேலிக்கு, கட்டை அடுப்புக்கு. ஒண்ணுமே இல்லாத காடுன்னு சொல்லுதவன் ஒரு நாள் என்கூட நடந்து பாக்கட்டும்.

எங்களுக்குச் சோறு போடுதது நிலவாரை. இலையப் பறிச்சு, நெழல்ல காயவச்சு, தூத்துக்குடி கம்பெனிக்கு அனுப்புதோம். அங்கயிருந்து கப்பல்ல போவுது. சின்னச் சின்னப் பையில போட்டு டீ மாதிரி குடிக்காங்களாம். வெள்ளைக்காரனுக்குக் காலையில வயிறு இளகணும்னா இங்க நாங்க பதினேழு பொம்பளைய குனியணும்.

பறிக்கது எல்லாரும். பாக்கது நான். எல்லாரு இலையும் எங்க வீட்டு முத்தத்துக்குத்தான் வரும். தார்ப்பாயில பரப்பி, வேற இலையப் பொறுக்கித் தள்ளி, சாக்குல நெறச்சு, தைச்சு, 'சேர்மக்கனி'ன்னு எம்பேரு போட்ட அட்டை கட்டுனாத்தான் கம்பெனி எடுக்கும். நிலவாரைக்குப் பக்கத்துலயே கொழிஞ்சி மொளைக்கும். காஞ்சா ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். கொழிஞ்சியும் நல்ல செடிதான். வயலுக்கு உரம், மஞ்சக்காமாலைக்கு மருந்து. ஆனா கேட்ட சரக்கு அது இல்லையே. எவ பறிச்சாலும் நூத்துக்குப் பதினஞ்சு இருவது கொழிஞ்சி கலந்துதான் வரும். அத எடுக்கத்தான் நான் இருக்கேன். இருபத்திரெண்டு வருஷத்துல என் அட்டை கட்டுன சாக்கு ஒண்ணு திரும்பி வந்தது கெடையாது.

இந்த வருஷம் புதுசா ஒருத்தி சேந்திருக்கா. பக்கத்து வீட்டுப் பட்டுக்கனி மதினியோட மருமவ, முனீஸ்வரி. ராமநாதபுரம் பக்கம். கல்யாணமாகி எட்டு மாசம், புருஷன் கப்பலுக்குப் போயிட்டான். அந்தப் பிள்ள ஒவ்வொரு செடியிலயும் ஒரு இலையக் கிள்ளி, ரெண்டு முனையும் புடிச்சு இழுத்துக் கிழிச்சுப் பாத்துட்டுத்தான் பறிக்கா. கொழிஞ்சின்னா அம்பு முனை மாதிரி கிழியும். நிலவாரை கண்டபடி கிழியும். இது இங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைய விளையாடுத விளையாட்டு. எங்களுக்குச் சிரிப்பு தாங்கல.

"ஏட்டி, நீ இலை பறிக்க வந்தியா, பரோட்டா பிய்க்க வந்தியா?"ன்னு கேட்டேன்.

"தெரியாததக் கிழிச்சுத்தானே அத்தை பார்க்கணும்"ங்கா.

வாய்க்கொழுப்பு. மத்தவ ஒரு சாக்கு பறிக்க நேரத்துல அவ அரைச் சாக்கு.

ஜனவரி 30, வியாழன்

நாலு நாளாப் பொன்னாங்கண்ணிக் கீரைதான். எங்க வீட்டுக்காரவிய தட்டப் பாத்துட்டு, "என்ன, கண்ணுக்கு எதும்…"னு ஆரம்பிச்சாவ. கீரை மலிவாக் கெடச்சுது, கடைஞ்சேன், தின்னுட்டு ஆட்டோவ எடுங்கன்னு சொல்லிட்டேன். ஒரு மனுஷி கீரை திங்கதுக்குக் காரணம் வேணுமா?

காலையில காபியில உப்பு விழுந்துருச்சு. சீனிக்கும் உப்புக்கும் ஒரே நெறத்துல டப்பா வாங்குனா யாருக்குத்தான் மாறாது? அவிய ஒண்ணும் சொல்லாமக் குடிச்சுட்டுப் போயிட்டாவ. நான் குடிக்கும்போதுதான் தெரிஞ்சுது.

வாசப்படி ஓரத்துல வெள்ளைப் பெயிண்டு அடிச்சிருக்காவ. எதுக்குன்னு கேட்டா மிச்சம் கெடந்துச்சாம். மிச்சம் கெடந்தா கதவுல அடிக்கணும்.

பிப்ரவரி 3, திங்கள்

முதல் சரக்கு போயாச்சு. பதினோரு சாக்கு.

முந்தியெல்லாம் பாத்து முடிக்க மூணு நாளு ஆகும். இந்தத் தடவை ஒரே நாள்ல முடிச்சுட்டேன். கொழிஞ்சி ரெண்டு கைப்பிடிகூடத் தேறல. "இந்த வருஷம் எல்லாரும் சுத்தமாப் பறிச்சிருக்கிய"ன்னு வாய் நெறையப் பாராட்டுனேன். தெக்குத்தெரு லீலாவதி மட்டும் முழிச்சா.

"அப்படியா அக்கா? என் சாக்குல நானே நெறையப் பாத்தேனே. பொறவு நீங்க எடுத்துருவியன்னுதான் விட்டேன்."

"நீ பாத்தது நிலவாரையாத்தான் இருக்கும். ஒனக்கு என்ன தெரியும்?"னு சொல்லிட்டேன்.

தேரியில இந்த வருஷம் மூட்டம் ஜாஸ்தி. பத்து மணி வெயில்லகூட உடைமரமெல்லாம் புகைக்குள்ள நிக்க மாதிரி நிக்கி.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுத்து கோணலா வருது. கோவத்துல.

கம்பெனி ஆளு ஜெயசிங் சார் பைக்குல வந்தாரு. நல்ல மனுஷன், எப்பவும் வந்தா மோர் குடிப்பாரு. இன்னைக்கு வேண்டாம்னுட்டாரு. பையில இருந்து ஒரு பேப்பர எடுத்து நீட்டுனாரு. வாசிச்சுக் காட்டுங்கன்னேன், கை ஈரமா இருக்குன்னு.

"நூத்துக்குப் பதிமூணு கொழிஞ்சி, அக்கா. வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு சரக்க அப்படியே ஒதுக்கி வச்சுட்டாங்க."

"ஒங்க மெஷின் பொய் சொல்லுது."

"மெஷின் இல்ல, ஆளு உக்காந்து பாத்தது. இன்னும் ரெண்டு தடவை இப்படி வந்தா மேல ஒங்க ஊருல பறிக்கவங்க லிஸ்ட்ட மொத்தமா எடுத்துருவாங்க. ஒரு கான்ட்ராக்டர் ஆள் வச்சுப் பறிச்சுத் தாரேன்னு வாசல்லயே நிக்கான்."

அந்தக் கான்ட்ராக்டர் லட்சணம் எனக்குத் தெரியும். போன வருஷம் கிழக்க ஒரு தேரியில செடிய வேரோட புடுங்கி லாரியில ஏத்துனவன். இந்த வருஷம் அங்க மணலு மட்டும்தான் கெடக்கு. பதினேழு வீட்டு அடுப்பு இந்த லிஸ்ட்டுலதான் எரியுது. அதுல ஏழு பேரு புருஷன் இல்லாதவ.

"யாரு கலந்தான்னு கண்டுபுடிச்சு எடுத்துருங்கக்கா"ன்னாரு.

கண்டுபுடிக்க என்ன இருக்கு? இருபத்திரெண்டு வருஷமா வராத கோளாறு இந்த வருஷம் வந்திருக்கு. இந்த வருஷம் புதுசா வந்தது யாரு? பேரச் சொன்னேன். அவரு லிஸ்ட்டுல ஒரு கோடு போட்டாரு. பேனா கிரீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு.

பிப்ரவரி 12, புதன்

எல்லாரையும் உடைமரத்து நெழலுக்குக் கூப்புட்டு வச்சுச் சொன்னேன். முனீஸ்வரி நாளையில இருந்து வரவேண்டாம்னு.

அழுவான்னு நெனச்சேன். அழல.

"நான் பறிச்ச சாக்குல கொழிஞ்சி இருந்துச்சா அத்தை? தனியாப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பதினோரு சாக்கும் ஒண்ணாக் கலந்தாச்சு. ஒண்ணொண்ணாப் பிரிக்கதுக்கு இங்க கோர்ட்டா நடக்கு?"

"அப்ப நீங்க இலையப் பார்க்கலை. நான் எந்த ஊருக்காரின்னு பார்த்தீங்க."

சாக்க ஒதறி மடிச்சு எங்கிட்ட குடுத்துட்டு நடந்து போயிட்டா. நாசமாப் போறவ, திரும்பிக்கூடப் பாக்கல. பட்டுக்கனி மதினி சாயந்தரம் தண்ணி புடிக்க வந்தா. முப்பது வருஷமா ஒரே கொழாயில புடிக்கோம். கொடத்த வச்ச வேகத்துல எங்கால்ல தண்ணி தெறிச்சுது.

நான் செஞ்சது சரி. பதினாறு பேரக் காப்பாத்த ஒருத்தியத் தள்ளித்தான் ஆகணும்.

பிப்ரவரி 14, வெள்ளி

அவ முருங்கையிலை காயப்போடுத ஷெட்டுல வேலைக்குச் சேந்துட்டாளாம். போட்டும். எனக்கென்ன வந்துச்சு.

பிப்ரவரி 17, திங்கள்

ரெண்டாவது சரக்கு. ஒம்பது சாக்கு. ஒவ்வொரு சாக்கையும் ரெண்டு தடவை பாத்தேன். கண்ணுகிட்டக் கொண்டு போயிப் பாத்தேன். தூசி அடிச்சு ரெண்டு கண்ணும் எரியுது. இதுல ஒரு கொழிஞ்சி இருந்தா என் பேர மாத்தி வச்சுக்கிடுதேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நூத்துக்குப் பத்தொம்பது.

ஜெயசிங் சார் போன்ல சொன்னாரு. அவரு "அக்கா, அக்கா"ன்னு ரெண்டு தடவை கூப்புட்டுட்டு வச்சாரு.

உக்காந்து யோசிச்சேன். முனீஸ்வரி இல்ல. அவ பறிச்சது ஒரு இலைகூட இல்ல. அப்படியும் கூடியிருக்கு. அப்படின்னா ஒண்ணே ஒண்ணுதான். கம்பெனிக்குள்ள வச்சுக் கலக்கானுவ. எங்கள எடுத்துட்டு அந்தக் கான்ட்ராக்டரக் கொண்டு வரணும்னு நம்ம சாக்க அவுத்து, கொழிஞ்சியப் போட்டுத் திரும்பத் தைக்கானுவ. வேற என்ன?

நேர்ல போறேன். என் முன்னாடி சாக்க அவுக்கட்டும். சேர்மக்கனி யாருன்னு இன்னும் தெரியல இவனுவளுக்கு.

பிப்ரவரி 27, வியாழன்

தூத்துக்குடிக்குப் போயிட்டு வந்தேன். எழுதுதேன், எதையும் விடாம எழுதுதேன்.

பஸ்ஸுல போர்டு எழுத்த ஏன்தான் இவ்வளவு பொடியாப் போடுதானுவளோ. ஒரு காலேஜ் பிள்ளைட்ட கேட்டு ஏறுனேன். கம்பெனி வாசல்ல வாச்மேன் யாரப் பாக்கணும்னான். "ஒங்க மொதலாளி விக்கித நிலவாரையப் பறிக்கவ வந்திருக்கேன், கேட்டத் தெற"ன்னேன். தெறந்துட்டான்.

சரக்கு பாக்குத ரூமுல ஒரு பிள்ள இருந்தா, இருபத்தஞ்சு வயசுக்குள்ள. மரியாதையா நாற்காலி போட்டா. என் சாக்கக் கொண்டு வரச் சொன்னேன். அட்டை என்னுது. தையல விரலால தடவிப் பாத்தேன். முடிச்சு நான் போட்டது. ஒரு நூலு மாறல. நான் போடுத முடிச்சு எனக்குத் தெரியாதா? அத யாரும் அவுக்கல.

அவுக்கலன்னா உள்ள யாரு கலந்தா?

அவ சாக்கு நடுவுல கைய விட்டு ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டுல போட்டா. "அம்மா, நீங்களே பிரிங்க. ஒங்களவிடவா எங்களுக்குத் தெரியும்?"னா. நல்ல பிள்ள. பிரிச்சேன். இந்தப் பக்கம் நிலவாரை, அந்தப் பக்கம் கொழிஞ்சி. கை அது பாட்டுக்கு ஓடுச்சு. முடிச்சதும் அவ நான் நிலவாரைன்னு வச்ச குவியல்ல இருந்து பத்து இலைய எடுத்துத் தண்ணியில நனைச்சா. ஒண்ணொண்ணா ரெண்டு முனையும் புடிச்சு இழுத்தா. அம்பு முனை. அடுத்தது, நிலவாரை. அடுத்தது, அம்பு முனை. பத்துல நாலு.

"டியூப்லைட்டுல மூலிகை பாக்க முடியுமா? வெயில்ல வச்சுப் பாக்கணும்"னேன். குரல் ஒசந்துருச்சு.

அந்தப் பிள்ள ஒரு புதுத் தட்டத் தூக்கிட்டு வாசல்ல, சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல வச்சா.

வெயில்லயும் பாத்தேன்.

ஜெயசிங் சார் கேட்டு வரைக்கும் கூட வந்தாரு. ரொம்பத் தணிவாச் சொன்னாரு: "அக்கா, இதப் பெருசாக்க வேண்டாம். அந்தப் புதுப் பொண்ணு பறிச்ச மிச்ச இலை இந்தச் சாக்குலயும் கலந்துருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மேல ஏத்துக்கிடுவாங்க. அடுத்த சரக்கு சுத்தமா வந்தாப் போதும்." பாக்கேன்னு சொன்னேன்.

திரும்பும்போது பஸ் மாறி உடன்குடிக்குப் போயிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

எழுத ஒண்ணும் இல்ல.

மார்ச் 1, சனி

ஒரு வரிதான். எழுதிக் குடுத்தா முடிஞ்சு போச்சு. அவ ஏற்கெனவே போயாச்சு, போனவ தலையில இன்னும் ஒரு சாக்கு வச்சா என்ன கொறையப் போவுது? ஊரும் நம்பும். ஜெயசிங் சாரும் நம்புவாரு. காலையில இருந்து பேனாவ எடுக்கதும் வைக்கதுமா இருந்தேன்.

மத்தியானம் அவிய சாப்புட வந்தாவ. எதிர்ல உக்காந்து கேட்டேன். "ஒங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?"

எதுன்னு கேக்கல பாரு, அதான் அவிய. "ஆடியில கோயிலுக்குப் போனமே, நீ எங்க அண்ணன் பொஞ்சாதின்னு நெனச்சு யாரோ ஒரு பொம்பளகிட்ட பத்து நிமிஷம் நின்னு குடும்பக் கதையெல்லாம் பேசுனியே, அன்னைக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அடிப்ப."

சிரிச்சுட்டேன். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது அழுகை வந்துருச்சு. அழுதேன். இந்த டைரியில பொய்யா எழுதுனது போதும். ஒரு வருஷமா எனக்குக் கண்ணு சரியில்ல. வலது கண்ணு கைக்கடக்கமா ஒரு வட்டம் மட்டும் காட்டுது. இடதுல எல்லாம் பால் ஊத்துன மாதிரி. டைரியில கோடு இருக்கு. தேரியில மூட்டம் இல்ல. எல்லாரும் எப்பவும் கலக்குத அளவுதான் கலந்திருக்காளுவ. எடுக்க வேண்டியவளுக்குத்தான் கண்ணு தெரியல.

"விடு, இலைதான போச்சு"ன்னாவ அவிய.

"இலையா போச்சு? ஒரு பிள்ள பேரு போச்சு. ஊரு முன்னாடி நிக்க வச்சு நான் கெடுத்தேன். ஒவ்வொரு இலையாக் கிழிச்சுப் பாத்துப் பறிச்சவ அவ ஒருத்திதான். மொத்தச் சரக்குலயும் அவ சாக்குதான் சுத்தமா இருந்திருக்கும்."

அவிய சாப்பாட்டுத் தட்ட ஒதுக்கி வச்சுட்டு, எங்கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாவ. அந்த வரிய நான் எழுதப் போறதில்ல. கம்பெனி என்ன வேணாலும் செஞ்சுக்கிடட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில பட்டுக்கனி மதினி வீட்டுக்குப் போனேன். மதினி வாசல்ல குறுக்க நின்னா.

"எங்க வந்த?"

"ஒன் மருமவளப் பாக்க."

"இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

"வழிய விடு மதினி, திட்டுததப் பொறவு திட்டு."

முனீஸ்வரி உள்ள துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னேன். கண்ணு, சாக்கு, தூத்துக்குடி, அந்த ஒரு வரி. தப்பு என் பேருலதான், ஒன்ன அநியாயமா அனுப்பிட்டேன், மன்னிச்சுக்கோன்னேன். கடைசியா யாருகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

கையில இருந்த துணிய மடிச்சு வச்சா. பொறவு சொன்னா: "எல்லாரு முன்னாடியும்தானே என்னை வரவேண்டாம்னீங்க? இதையும் எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

"நாளைக்குப் பறிப்புக்குப் போகும்போது சொல்லுதேன்."

"இப்பச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க."

பாரு அவ திமிர! எனக்கு அது புடிச்சுப் போச்சு. செருப்பப் போட்டுக்கிட்டுக் கெளம்புனேன். அவ பக்கத்துல வந்தா. வீடு வீடாப் போனோம், பதினஞ்சு வீடு. மொத வீட்டு வாசல்ல தரையப் பாத்துக்கிட்டுச் சொன்னேன். ரெண்டாவது வீட்டுல மெதுவாச் சொன்னேன். அஞ்சாவது வீட்டுக்குள்ள எனக்குப் பழகிப் போச்சு. "எம்மா, வெளிய வா! கொழிஞ்சி கலந்தது இவ இல்ல. நான். எனக்குக் கண்ணு தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு இவ தலையில போட்டேன்"னு தெருவுக்கே கேக்க மாதிரி சொன்னேன். ஒருத்தி "அய்யோ பாவம்"னா. "பாவம் பாக்கதுன்னா இவளப் பாரு, என்னப் பாக்காத"ன்னேன்.

லீலாவதி இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "நான் அப்பவே சொன்னேன்லா அக்கா"ன்னா.

"சொன்ன. இப்ப என்ன, மாலை போடணுமா?"

முனீஸ்வரி அப்பத்தான் மொதத் தடவை சிரிச்சா. சத்தம் கேட்டுச்சு.

மார்ச் 5, புதன்

மூணாவது சரக்கு. இதுவும் போச்சுன்னா லிஸ்ட்டே இல்ல.

முருங்கை ஷெட்ட விட்டுட்டு வந்த முனீஸ்வரிதான் இனிப் பாக்கதுன்னு சொன்னதும் நாலு பேரு மொணங்குனாளுவ. நேத்து வந்தவ எங்க இலையப் பாக்கவான்னு. "இருபத்திரெண்டு வருஷம் பாத்தவ கிழிச்ச கிழி தெரியுமுல்லா? வாய மூடிக்கிட்டு இலையக் கொட்டுங்கட்டி"ன்னேன். கொட்டுனாளுவ. அவளும் லீலாவதியும் தார்ப்பாயில எதிரெதிரா உக்காந்தாளுவ. சந்தேகம் வந்த இலைய எல்லாம் தண்ணியில நனைச்சுக் கிழிச்சாளுவ. மூணு நாளா ஓடுது, பாதிதான் ஆயிருக்கு. அவசரப்படுத்த மாட்டேன்.

நான் சாக்கு தைக்கேன். அதுக்குக் கண்ணு வேண்டாம்.

மார்ச் 7, வெள்ளி

கண்ணாஸ்பத்திரி. இடதுல புரை, ஆபரேஷன் செஞ்சா ஓரளவு தெரியுமாம். வலதுல நரம்பு போயிருச்சு, அது போனது போனதுதானாம். ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா நிறுத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. கீரை தின்னேம்மான்னு சொன்னேன். அவங்களுக்குக் கோவத்துலயும் சிரிப்பு வந்துருச்சு.

இதுக்கு மேல எழுத முடியல. வரி மேல வரி ஏறுதுன்னு அவிய சொல்லுதாவ.

மார்ச் 13, வியாழன்

இன்னைக்கு நான் சொல்லச் சொல்ல முனீஸ்வரி எழுதுதா. முன்னாடி பக்கத்தப் பொரட்டாதட்டின்னு சொல்லித்தான் டைரியக் குடுத்தேன். பொரட்டிட்டாளாம். "நாசமாப் போறவன்னு எழுதிருக்கீங்க"ங்கா. ஆமா, எழுதுனேன். அத அடிக்க வேண்டாம், அப்படியே கெடக்கட்டும்.

காலையில ஜெயசிங் சார் வந்தாரு. கேக்கதுக்கு முன்னாடியே, "நூத்துக்கு ஒண்ணுகூட இல்லக்கா"ன்னாரு. பொம்பளைய போட்ட சத்தத்துல ஆடெல்லாம் அவுத்துக்கிட்டு ஓடிருச்சு. ரெண்டு சொம்பு மோர் குடிச்சாரு.

பொறவு லிஸ்ட்ட எடுத்தாரு. "ஊரு லிஸ்ட்டு நிக்கும். ஆனா மொத ரெண்டு சரக்கு கெட்டதுக்கு யாரு காரணம்னு மேல கேக்காங்க. ஒரு பேர நீக்கிக் காட்டணும். அந்தப் பொண்ணு பேரு ஏற்கெனவே அடிச்சுக் கெடக்கு. அப்படியே இருந்துட்டுப் போட்டும், அவ சும்மா வந்து பாத்துக் குடுக்கட்டும். எதுக்கு வம்பு?"

எனக்கு எங்கயிருந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ தெரியல.

"சார், நீங்க நல்லவரு, அதனால நல்ல மாதிரி சொல்லுதேன். அவ பேரு லிஸ்ட்டுல இருக்கணும், சரக்கு பாக்கவ இவதான்னு எழுதியிருக்கணும். சரக்கக் கெடுத்தது சேர்மக்கனி. அத அடிங்க."

"இருபத்திரெண்டு வருஷம் அக்கா. லிஸ்ட்டுல மொதப் பேரே நீங்கதான்."

"அப்ப தேட வேண்டாம்லா, அடிங்க."

"நான் அடிக்க மாட்டேன்"னு பேனாவத் திண்டுல வச்சுட்டாரு. "அடிச்சா நாளைக்கு நீங்க இங்க யாரு?"

"சாக்கு தைக்கதுக்கு லிஸ்ட்டுல பேரு வேணுமா? நான் தைப்பேன். அத எந்தக் கம்பெனி தடுக்கும்னு பாக்கேன்."

லீலாவதி மூக்க உறிஞ்சுதது கேட்டுச்சு. முனீஸ்வரி பேப்பர வாங்கி, கடைசியில அவ பேர எழுதுனா. அவ மாமியா பின்னால நின்னு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சா. எழுதி முடிச்சுட்டு, பேனாவ எங்கையில குடுத்தா.

இந்த எடத்துல இவ எழுதுதத நிறுத்திட்டா. எழுதுட்டி.

எழுதுறேன் அத்தை.

பேப்பர மடியில வச்சேன். வெள்ளையா இருந்துச்சு, வேற ஒண்ணும் தெரியல. "எங்கட்டி இருக்கு எம்பேரு?"ன்னு கேட்டேன். அவ என் விரலப் புடிச்சுக் கொண்டு போயி அந்த எடத்துல வச்சா. அடிச்சேன்.

"கோணலாப் போயிருச்சு அத்தை"ன்னா.

"அடிச்சது தெரியுதா?"

"தெரியுது."

அது போதும்.